செவ்வாய் பின்னால் நடக்கவில்லை

ஓடிப்போனாள் என்று சொல்லாதே, ஜெயம்மா. ஓடுகிறவள் கொல்லைப்புறமாகப் போவாள். ஊர் எழுந்திருக்கும் முன்னே போவாள். எங்கள் கோமளா பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, ஊர் மொத்தமும் பார்க்க நடந்து போனாள். அதுவும் செவ்வாய்க்கிழமை, ராகு காலத்தில். நீயும்தான் உன் வீட்டுப் படியில் நின்று பார்த்தாய். நடந்தவளை ஓடினாள் என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வருகிறது?

இதைக் குழாயடியில் வைத்தே கேட்டேன். ஜெயம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சிரித்தாள்.

"நடந்தா இன்னா, ஓடினா இன்னா யக்கா? வூட்டைத் தாண்டினா தாண்டினதுதான். மொதல்ல நிச்சயம் பண்ண சரவணன் கைய ஒடிச்சா. இப்ப பெத்தவன் மானத்தையும் ஒடிச்சிட்டுப் போயிட்டா."

"கைய ஒடிச்சது அவளா? மொகத்துவாரத்து மணல்மேடுடி! அதே மேட்டுல ஒம் புருசன் போட்டும்தான் போன வருசம் கவுந்துது. அப்போ கவுத்தது எந்தக் கெரகம்? நீயா?"

குடத்தோடு போய்விட்டாள். அடுத்த தெருவில் நின்று வேறு மாதிரி சொல்லியிருப்பாள். அவளை எனக்குத் தெரியாதா? அதனால்தான் பேத்தியை உட்கார வைத்து இதை எழுதச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நடந்தது தெரியும்.

கோமளா என் தம்பி கோதண்டத்தின் ஒரே மகள். எங்கள் அம்மாவின் பெயரைத்தான் அவளுக்கு வைத்தோம். அவளைப் பெற்றவள் மஞ்சள் காமாலையில் போனபோது குழந்தைக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். அன்றிலிருந்து அவள் எனக்கும் மகள்.

மாசி மாதத்தில் பிறந்தவள். திருப்பாலைவனத்து ஜோசியர் ஜாதகம் எழுதினார். ஏழாம் வீட்டில் செவ்வாய் என்றார். அதுவும் வக்கிரத்தில் என்றார். வக்கிரம் என்றால் கிரகம் முன்னால் போகாமல் பின்னால் நடக்கிறதாம். "கட்டிக்கிறவனுக்கு ஆயுசு கெட்டி இல்லே" என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நெல் விளைகிற ஊரில் இப்படிச் சொன்னால் ஒரு பூசை செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். எங்கள் குப்பத்தில் முடியாது. கிழக்கே கடல், மேற்கே பழவேற்காட்டு ஏரி, நடுவில் ஒரு மணல் துண்டு. அதுதான் எங்கள் ஊர். ஆண்கள் தினமும் தண்ணீரின் மேல் போகிறவர்கள். காற்று கொஞ்சம் மாறினாலே கரையில் நிற்கிற பெண்டுகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். அங்கே செவ்வாய் தோஷக்காரியை எவன் கட்டுவான்? கட்டினவனுக்குக் கடலில் ஏதாவது ஆனால் அலையை யாரும் கேட்க மாட்டார்கள். அவளைத்தான் கேட்பார்கள்.

கோதண்டத்துக்கு மகன் இல்லாததால் வயசுக்கு வரும் வரைக்கும் அவளைத்தான் படகில் கூட்டிப் போனான். கரை அடையாளம் பார்க்க அங்கேதான் கற்றாள். கடலில் தெருப் பெயர் கிடையாதே! கரையில் கிட்டே ஒன்று, எட்டத்தில் ஒன்று என்று இரண்டு பொருளைப் பார்த்து வைப்பார்கள். கிட்டே உள்ள பனை எட்டத்துக் கோபுரத்துக்கு நேராக வந்தால் நாம் அந்தக் கோட்டில் நிற்கிறோம். இன்னொரு பக்கமும் அப்படி ஒரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலை விழும். இப்போது எல்லாரும் ஜி.பி.எஸ். பெட்டியில் பார்க்கிறார்கள். என் தம்பி பெட்டியை நம்ப மாட்டான். கண்ணைத்தான் நம்புவான். இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்: அடையாளம் நகரக் கூடாது. மேகத்தையும் மாட்டையும் அடையாளம் வைத்தவன் பட்டினிதான் கிடப்பான்.

அந்தச் சட்டத்தைத் தெரிந்த என் தம்பியே ஒருமுறை தப்புப் பண்ணினான். தெற்குப் பக்கத்து அடையாளமாக அவன் வைத்திருந்த பனை புயலில் விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன் ஒன்றைப் பிடித்தான். மலை மாதிரி நிற்கிறது, நீலமாகத் தெரிகிறது, இதைவிட நல்ல அடையாளம் எது என்றான். கிரேனுக்குக் கீழே தண்டவாளம் இருக்கிறது, கப்பலுக்குத் தக்கபடி அது தள்ளிப் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் சேற்றுத் தரை என்று நினைத்துப் பாறையில் வலையை விட்டான். நார் நாராகக் கிழிந்து வந்தது. அன்றிலிருந்து ஊரில் அவன் பெயர் கிரேன் கோதண்டம்.

அவனோ ஒத்துக்கொள்ளவே இல்லை. "கிரேன் அங்கியேதான் நின்னுது. தண்ணிதான் இழுத்துப் போட்டுடுச்சு" என்றான். யார் கேட்டாலும் அதேதான். பாவாடை சட்டையில் இருந்த கோமளா மட்டும், "நைனா, கிரேனுக்குச் சக்கரம் கீதே?" என்று கேட்டுவிட்டாள். அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பழவேற்காட்டில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தாள். அப்புறம் வீட்டில் இருந்தாள், வலையிலிருந்து நண்டு பிரித்தாள், இறால் உரித்தாள். வருகிற வரன் எல்லாம் ஜாதகத்தைத் திறந்ததும் காபியைக் குடித்துவிட்டுப் போயிற்று. கடைசியில் சரவணன் வீட்டார் மட்டும் சரி என்றார்கள். தாம்பூலம் மாற்றினோம். ஐப்பசி மழையில் முகத்துவாரத்தில் அவன் படகு மணல்மேட்டில் தட்டிக் கவிழ்ந்தது. ஆள் பிழைத்தான், கை ஒடிந்தது. மறுநாளே தாம்பூலத் தட்டு திரும்பி வந்துவிட்டது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கட்டோடு திண்டாடுகிறவன் அம்மா பேச்சைத்தான் கேட்பான்.

ஜோசியர் வந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன். இப்ப வானத்துலயும் செவ்வாய் வக்கிரத்துக்குப் போவுது. பொறந்தப்பவும் வக்கிரம், இப்பவும் வக்கிரம். திரும்பி வந்து அடிக்குது" என்றார்.

கோமளா கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டாள். "அது எதுக்கு சாமி பின்னாடி நடக்குது?"

"கெரகம்மா அது. கெரகத்தைக் கேள்வி கேக்கலாமா?"

"அது என்னைக் கேக்குதே!"

கோதண்டம் அதட்டி உள்ளே போகச் சொன்னான். போனாள். ஆனால் கேள்வி உள்ளே போகவில்லை. மறுநாள் விடிகாலையில் ஆண்கள் படகைத் தள்ளும்போது இவளும் மணலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பாக ஒன்றைக் காட்டினாள். பக்கத்தில் ஜோடியாக இரண்டு நட்சத்திரம்.

"அத்தே, இந்த ஜோடிய அடையாளம் வெச்சுக்கோ. செவ்வாய் எங்க போவுதுன்னு பாப்போம்."

"ஒன் வாழ்க்கையக் கெடுத்தவனை எதுக்குடி பாக்கணும்?"

"கெடுத்தவன் மூஞ்சிய நாமளும் பாக்கணும் இல்ல?"

கார்த்திகையில் அந்தச் சிவப்பு ஜோடியைத் தாண்டிக் கிழக்கே போயிருந்தது. அப்புறம் நின்றது. மார்கழியில், சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பி வந்தது.  பொங்கல் முடிந்த வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் கடலுக்கு மேலே பார்த்தால் ஜோடிக்கு நேரே, ஒரே கோட்டில், மூன்றாவதாக நிற்கிறது. ஜோசியர் சொன்னது சரிதான் என்று நான் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். கோமளா பயப்படவில்லை. யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சட்டியைச் சுரண்டுவாள். அதுதான் அவள் யோசிக்கிற விதம். என் சட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்தத் தையிலேயே ஒரு நாள் கோதண்டத்தின் படகில் ஏரியைத் தாண்டி ஒரு காதுகுத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால், ஒரு பக்கமாக ஒதுங்கி, சின்னதம்பி தன் பழைய படகைக் கோல் போட்டுத் தள்ளிக்கொண்டு அதே பக்கம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கும் அப்பால், அதே பக்கத்துக் கரையில் வெகு தூரத்தில், கலங்கரை விளக்கம். எங்கள் இன்ஜின் படகு அவனை எட்டிப் பிடித்துத் தாண்டியது. கோமளா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"அத்தே, சின்னதம்பி மாமாவையும் வெளக்கத்தையும் சேத்துப் பாரு. வெளக்கத்துக்கு முன்னாடி இருந்தாரு. இப்ப வெளக்கத்துக்குப் பின்னாடி போயிட்டாரு. மாமா பின்னாடியா போறாரு?"

பார்த்தேன். கண்ணுக்கு அப்படித்தான் இருந்தது. கோல் போடுகிறவன் முன்னால் போகிறான். விளக்கத்தை வைத்துப் பார்த்தால் பின்னால் வழுக்குகிறான்.

"மாமா!" என்று கத்தினாள். "நீ பின்னாடி போறே!"

"யாரு, நானா?" சின்னதம்பி கோலைத் தூக்கி ஆட்டினான். "இன்ஜின் வெச்ச திமிரா? டீசல் தீரட்டும், அப்ப பாக்கலாம் யாரு பின்னாடி போறதுன்னு!"

கோமளா சிரித்தாள். தாம்பூலத் தட்டு திரும்பி வந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். "அவ்ளோதான் அத்தே. செவ்வாயும் சின்னதம்பி மாமா மாதிரிதான். முன்னாடிதான் போவுது. நாம வேகமா தாண்டுறோம். நாம குந்திகினு கீற போட்டுதான் பூமி."

கோதண்டம் சுக்கானைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. 

நான் சும்மா விடவில்லை. மறுநாள் இறால் உரிக்கும்போது பிடித்துக்கொண்டேன். "சூரியன் கடல்ல எழுந்து ஏரியில வுழறதை நான் பொறந்ததுல இருந்து பாக்கறேன். நீ பூமி ஓடுதுங்கறே. பூமி ஓடினா இந்தச் சட்டி கவுந்துடாதா?"

"ஏரி அசையாம கீறப்ப போட்ல குந்திகினு டீ குடிக்கிறியே, சிந்துதா?"

சிந்துவதில்லை. அதை மட்டும் ஒத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் சூரியன் நடுவில் என்று எழுதி மார்க் வாங்கினவள்தான் அவள். இந்தக் குப்பத்தில் படித்த பிள்ளைகள் எல்லாருமே எழுதினார்கள். "பரீட்சைக்கு ஒரு வானம், கல்யாணத்துக்கு ஒரு வானமா அத்தே?" என்பாள். அது மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் அவளுக்கு இப்போது கேள்வி. போனில் ஒரு வாத்தியார் தமிழில் சொல்வதைப் போட்டுவிட்டு உரிப்பாள். அவர் அவசரமாகப் பேசுவார். எனக்குப் பாதி புரியாது. கோமளா நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொன்னாள். நான் கேட்டதைச் சொல்கிறேன்.

ஆதியில் எல்லாரும் பூமி நிற்கிறது, மற்றதெல்லாம் சுற்றுகிறது என்றுதான் நினைத்தார்களாம். அவர்களை முட்டாள் என்று சொல்லக் கூடாது என்பாள். கண்ணுக்கு அப்படித்தானே தெரிகிறது? ஆனால் இந்தச் செவ்வாய் பின்னால் நடக்கிறதே, அதை எப்படிச் சமாளிப்பது? சக்கரத்தின் மேல் ஒரு சின்னச் சக்கரம் வைத்து, அதற்கும் கணக்குச் சொல்லி, கிழிந்த வலைக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி ஒட்டுப் போட்டுக்கொண்டே போனார்களாம். நம் நாட்டிலேயே ஒருவர், படகில் போகிறவனுக்குக் கரை ஓடுகிற மாதிரி, சுழல்கிறது பூமிதான் என்று வெகு காலத்துக்கு முன்னாலேயே சொன்னாராம். அவர் நிச்சயம் படகில் போனவராகத்தான் இருப்பார்.

அப்புறம் குளிர் தேசத்தில் கடலோரத்து மாதா கோயிலில் வேலை பார்த்த ஒருவர், சூரியனை நடுவில் வைத்தால் செவ்வாயின் பின்நடை தானாகவே வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். சொல்லப் பயந்து வைத்துக்கொண்டே இருந்து, சாகும் சமயத்தில்தான் வெளியே விட்டாராம். இன்னொருவர் குழாய்க் கண்ணாடியில் வானத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது சரிதான் என்றார். அவரை வீட்டை விட்டு வெளியே வராதபடி காவல் போட்டார்கள். மூன்றாவது ஒருவர் செவ்வாய் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கணக்குப் போட்டார். அது போகிற வழி வட்டம்கூட இல்லை, கொஞ்சம் நசுங்கிய வட்டம், சூரியனைத்தான் சுற்றுகிறது என்று முடித்தார்.

"அந்த மூணாவது ஆளோட அம்மாவ இன்னா பண்ணாங்க தெரியுமா?" என்றாள் கோமளா. "பக்கத்து வூட்டுக்காரி ஒருத்தி, இவ குடுத்ததைக் குடிச்சுத்தான் எனக்கு நோவு வந்துது, இவ சூனியக்காரின்னு கெளப்பிவுட்டா. ஊரே நம்பிடுச்சு. கெழவியச் சங்கிலி போட்டு ஜெயில்ல வெச்சாங்க. மகன் கணக்க மூட்டை கட்டி வெச்சிட்டு ஓடிவந்து வாதாடித்தான் மீட்டாரு."

நான் உரித்த இறாலைக் கீழே வைத்துவிட்டேன். "அந்த ஊர்லயும் ஜெயம்மா கீறாளா!"

"எல்லா ஊர்லயும் கீறா அத்தே." அடுத்த இறாலை எடுத்தபடி அவளே சொன்னாள். "எந்தச் செவ்வாய் என் கல்யாணத்தைக் கெடுத்துச்சுன்னு சொல்றாங்களோ, அந்தச் செவ்வாய்தான் மனுசனுக்கு உண்மையச் சொல்லிச்சு. அதுக்குப் போயி நான் பயப்படணுமா?"

மாசியில் ஜோசியர் சொற்படி திருப்பாலைவனத்துச் சிவன் கோயிலில் நவகிரகத்தைச் சுற்றக் கூட்டிப் போனேன். சுற்ற மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில் என் காதோரம் வந்தாள். "ஒம்போது பேரு கீறாங்க. நடுவுல யாரு அத்தே?"

"சூரியன்."

"பூமி எங்க?"

பார்த்தேன். பூமி இல்லை. "கால் கீழ கீதுடி" என்றேன்.

"அதான். நடுவுல சூரியன் நிக்குது, பூமி மேல நிக்கிற நாம சுத்திகினு கீறோம். கட்டினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு போல."

கோயிலில் சிரிக்கக் கூடாது என்று அவள் கையில் கிள்ளினேன். கிள்ளிவிட்டு நானே சிரித்தேன்.

பங்குனியில் அவளோடு படித்த எலிசபெத் மீஞ்சூரில் இருந்து கூப்பிட்டாள். அவள் அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பொம்பளைப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். கோமளாவுக்கும் வேலை இருக்கிறது என்றாள். இதில் ஒளிவு ஒன்றும் இல்லை. பையன் ஒருத்தனும் இல்லை. அப்பனிடம் அன்றைக்கே சொன்னாள். கோதண்டம் முடியாது என்றான். ஏனென்றால் அதற்குள் அவன் மூர்த்திக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

மூர்த்தி பெண்டாட்டி செத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கும் செவ்வாய் தோஷம். தோஷத்துக்குத் தோஷம் சரியாகிவிடும் என்றார்கள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் பேசுவார், கேட்காவிட்டால் மீசையைத் தடவுவார். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு பரிகாரம் வேண்டும் என்றார் ஜோசியர். வாழை மரத்தைப் புருஷனாக வைத்துக் கோமளாவுக்குத் தாலி கட்ட வேண்டும். பிறகு மரத்தை வெட்ட வேண்டும். புருஷன் செத்தான், தோஷம் அவனோடு போயிற்று. தாலியை அறுத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு மூர்த்தியைக் கட்டலாம்.

"ஒரு தப்பும் பண்ணாத மரத்தை வெட்டி, ஒரு தப்பும் பண்ணாத என்னைத் தாலியறுத்து, அப்பறம் கல்யாணமா?" என்றாள். "நான் மாட்டேன் நைனா."

"ஊரு ஒத்துக்கணுமேடி" என்றான். "நாளைக்கு நான் போயிட்டா ஒன்னை யாரு பாப்பா?"

அவனும் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் பெற்ற பிள்ளையைக்கூடப் பாறையில் விடுவான்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பரிகாரத்துக்குச் செவ்வாய்தான் நாளாம். முற்றத்தில் குழி தோண்டி, குலையில்லாத இளவாழை ஒன்றை நட்டு, மஞ்சள் துணி சுற்றினார்கள். ராகு காலம் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஜோசியர் பறந்தார். மூர்த்தியும் அவர் தம்பியும் ஏறிய பஸ் வழியில் நின்றுவிட்டதால் அவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். வந்ததும் பெண்ணைக் கூப்பிட்டார்கள். புடவை கட்டாமல், வீட்டில் போடுகிற சுடிதாரிலேயே கோமளா வந்து நின்றாள். தெருப்பக்கத்து வேலி ஓரத்தில் ஊர் நின்றது. ஜெயம்மா அவள் வீட்டுப் படியில் நல்ல இடம் பிடித்திருந்தாள்.

"நைனா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "கிரேன் நகந்துச்சா, நகரலியா?"

வேலியோரம் சிரிப்பு. கோதண்டத்தின் முகம் கறுத்தது. ஜோசியர், "கண்ணாலத்துல கிரேன் எங்கம்மா வந்துது?" என்றார்.

"அதுலதான் சாமி எல்லாம் கீது. நகர்ற கிரேனை நிக்குதுன்னு நைனா நம்பிச்சு. வலை பாறைக்குப் போச்சு. நகர்ற பூமிய நிக்குதுன்னு எல்லாரும் நம்பினாங்க. செவ்வாய் பின்னாடி போற மாதிரி தெரிஞ்சுது. அது பின்னாடி போவல. ஒருநாளும் போனதில்ல."

ஜோசியர் அசரவில்லை. "பூமி ஓடட்டும், நிக்கட்டும். பஞ்சாங்கத்துல போட்ட நாள்ல கிரகணம் வருதா இல்லியா?"

"வருது சாமி. கணக்கு சரி. அந்தக் கணக்குல எம் புருசன் சாவு எங்க வந்துது?"

"அது பலன். பெரியவங்க சொன்னது."

"சரவணன் போட்டு கவுந்த எடத்துல இந்த ஊர்ல பாதி போட்டு கவுந்திருக்கு. அதுங்களுக்கு யாரு பலன் எழுதினது?"

"நம்பிக்கைன்னு ஒண்ணு கீதும்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அதையும் நான் சொல்லிவிட வேண்டும். மூர்த்தியின் தம்பிதான் குதித்தான். "பொட்டச்சி பஞ்சாயத்து பண்றா, அல்லாரும் கேட்டுகினு நிக்கிறீங்க! கோதண்டம், ஒம் பொண்ணு வாய மூடுவியா மாட்டியா?"

"கொழுந்தன் முறை ஆவறதுக்கு முன்னாடியே இவ்ளோ சத்தமா?" என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்த்து, நான் அவனைப் பார்த்து என்று கத்தியதில் கொஞ்ச நேரம் போயிற்று. அந்தச் சண்டையை எழுத வேண்டாம்.

கோமளா யாரையும் பார்க்கவில்லை. அப்பனை மட்டும் பார்த்தாள். "நீ சரின்னாலும் மீஞ்சூருக்குப் போறேன் நைனா. வேணாம்னாலும் போறேன். ஆனா கிரேன் நின்னுச்சுன்னு சொல்லிட்டு மட்டும் என்னை அனுப்பாத."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். ஜோசியர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். மூன்று மணி, ராகு காலம் பிறந்துவிட்டது. இனி நாலரை வரைக்கும் ஒன்றும் தொடங்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்த மாதிரி இருந்தது. "டீ போடச் சொல்லு" என்றார்கள். மூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டு நிழலுக்குப் போனார். பெண்ணை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. ராகு காலத்தில் எங்கள் ஊரில் எவரும் வாசல் தாண்டிப் புதிதாக ஒரு காரியத்துக்குப் போனதில்லை. போவாள் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

அவள் உள்ளே போய்ப் பையோடு வந்தாள். தோளில் ஒரு பை, கையில் சொம்பு. தலைக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீரில் மொண்டு வாழையின் அடியில் ஊற்றினாள். மஞ்சள் துணியை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். "நீயும் பொழைச்சே, போ" என்றாள் மரத்திடம். சொம்பை என் கையில் கொடுத்தாள். நான் அவள் தலையைத் தடவினேன். பேச்சு வரவில்லை எனக்கு. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூர்த்தியின் தம்பிதான் முதலில் பார்த்தான். "யோவ் கோதண்டம்! பொண்ணு போவுது, புடிய்யா!"

கோதண்டம் டீ கிளாசோடு எழுந்தான். அவளுக்கும் வாசலுக்கும் நடுவில்தான் அவன் நின்றான். கை நீட்டினால் பிடித்துவிடலாம். 

"கிரேன் நகந்துச்சு" என்றான்.

யாருக்கும் சட்டென்று புரியவில்லை.

"தண்ணி இழுக்கல. தண்ணி மேல பொய் சொன்னேன். கிரேன்தான் நகந்துச்சு, நாந்தான் நிக்குதுன்னு நெனச்சேன். நல்ல வலை அது." ஓரமாக நகர்ந்தான். "வுடுங்க அவளை."

அவள் அவன் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். "முன்னாடி வர பஸ்ஸப் புடி" என்றான், டீயைப் பார்த்துக்கொண்டு. "அடுத்ததுல கூட்டம் அதிகம்."

வாசலில் கிடந்த செருப்பைத் தட்டி மணலை உதறிப் போட்டுக்கொண்டாள். ஜெயம்மா படியில் இருந்து கூவினாள். "அடியே, ராவு காலத்துல எங்கடி கெளம்பிட்டே?"

"மீஞ்சூருக்கு யக்கா. பஸ்ஸு ராவு காலத்துலயும் ஓடுது."

வெயில் ஏரிப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. பஸ் நிற்கிற இடத்துக்கு ஏரிப் பாலத்துப் பாதையில் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு போனாள். வேலியோரம் நின்றவர்கள் வழிவிட்டார்கள். நான் சொம்போடு வாசலில் நின்று, அவள் பாலத்தில் சின்னதாகிற வரைக்கும் பார்த்தேன். எழுதிக்கொள்: அவள் ஓடவில்லை. முன்னால் நடந்தாள்.